சரித்திர ஹாரர் படத்துக்குப் பின்னணி இசை (ஆர்.ஆர்.): நான்கு வழிகள், எது யாருக்கு?

ராமநாதபுரம் கடற்கரையில் கதையை வைத்து, சரித்திரம், பேய், கடல் சாகசம் மூன்றையும் ஒரே படத்தில் சேர்ப்பவர்கள் எடிட்டிங் முடியும் நேரத்தில் பெரும்பாலும் ஒரே இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். படம் கையில் இருக்கிறது. பணம் முக்கால்வாசி தீர்ந்துவிட்டது. பின்னணி இசையை எப்படிச் செய்வது என்று முடிவாகவில்லை. வழிகள் நான்கு: நூலக இசையைக் காசு கொடுத்து வாங்கிப் போடலாம், முழுக்கக் கணினியிலேயே செய்யலாம், கணினி அடித்தளத்தின் மேல் நம் பக்கத்து வாத்தியங்கள் சிலவற்றை நேரடியாகப் பதியலாம், ஆர்கெஸ்ட்ரா வைத்துப் பதியலாம்.

சிறு, நடுத்தரப் படங்களுக்கு மூன்றாவதுதான் சரி என்பது எங்கள் கணிப்பு. ஆனால் மற்ற மூன்றுக்கும் உரிய இடம் உண்டு. மூன்றாவது வழியிலும் ஆழம் தெரியாமல் காலை விட்டால் பணம் போய்விடும்.

பேச வசதியாக ஒரு கதையை வைத்துக்கொள்வோம். 18-ஆம் நூற்றாண்டின் கடைசி, கீழக்கரைக்கு அப்பால் முத்துச் சலாபம், அதாவது முத்துக் குளிக்கும் இடம். சுறா அண்டாமல் மந்திரம் போடும் கடல்கட்டி ஒருவர். இப்படிப்பட்டவர்கள் இருந்ததை மார்க்கோ போலோ 13-ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்: கிடைப்பதில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்கு, மந்திரம் பகலுக்கு மட்டும், இரவில் கட்டை அவிழ்த்துவிடுவார்கள். நம் கதையில் ஓர் இரவு அவிழ்த்த கட்டு மறுநாள் கட்டப்படவில்லை. படகுத் துரத்தல், சேதுபதி அரண்மனைக் காட்சி, கடலுக்கடியில் பயம் எல்லாவற்றையும் ஒரே இசை தாங்க வேண்டும்.

## முதலில் அளவுகோல்கள்

எத்தனை நிமிடம்? 130 நிமிடப் படத்துக்கு 80 நிமிட இசை வேண்டும் என்றுதான் எல்லாரும் ஆரம்பிப்பார்கள். ஸ்பாட்டிங்கை (இசை எங்கே தொடங்கி எங்கே நிற்க வேண்டும் என்று குறிக்கும் வேலையை) ஒழுங்காகச் செய்தால் 55 நிமிடத்தில் நிறுத்தலாம். ஒவ்வொரு துண்டுக்கும் ரீல் எண்ணும் வரிசை எண்ணும் போட்டு (1எம்1, 1எம்2), தொடங்கும் டைம்கோடு (படத்தில் அந்த இடத்தின் நேரக்குறி), முடியும் டைம்கோடு, எது நடந்ததால் இசை தொடங்குகிறது, எது நடந்ததால் நிற்கிறது என்று நான்கு பத்திகளில் எழுதுங்கள். மூன்றாவது பத்தியில் எழுத எதுவும் கிடைக்காத இடத்தில் இசை வேண்டியதில்லை. நிமிடக் கணக்கு இல்லாமல் நான்கு வழிகளின் செலவையும் ஒப்பிடவே முடியாது.

கடல் இரைச்சல். இந்தக் கரையில் எடுத்த படத்தில் இசைக்கு முன்பே ஓர் ஒலி உட்கார்ந்திருக்கும். அலை உடையும் சத்தத்துக்குச் சுருதி கிடையாது; நூறு ஹெர்ட்ஸ் சொச்சத்தில் தொடங்கிப் பல ஆயிரம் ஹெர்ட்ஸ் வரை பரவிக் கிடக்கும். வயலின் கூட்டம் நீட்டிப் பிடிக்கும் சுரமும், கீபோர்டில் நீட்டிப் பிடிக்கும் பேட் ஒலியும் அதே இடத்தில்தான் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்தால் இசை அமுங்கும். இசையைக் கூட்டினால் வசனம் போகும். ஃபைனல் மிக்ஸில் வேறு வழியில்லாமல் கடலைக் குறைப்பார்கள். அப்போது தனுஷ்கோடி மணலில் நிற்கும் நடிகர் செட்டில் நிற்பதுபோல் ஆகிவிடும்.

இந்த இரைச்சலைத் தாண்டி வருபவை இரண்டு வகை. பறையில் விழும் சிண்டுக்குச்சி, தவிலின் வலந்தலை, வில்லுப்பாட்டுக் கட்டை என்று அடித்த கணத்திலேயே கூர்மையாகக் கிளம்பும் ஒலிகள் ஒன்று. நாதஸ்வரம் போல மேல்சுரங்கள் செறிந்த ஊதுகருவிகள் இன்னொன்று. திறந்த வெளியில், கூட்டத்துக்கு நடுவே கேட்பதற்கென்றே உருவான வாத்தியங்கள் இவை. கடலோரப் படத்துக்கு இவற்றை நாங்கள் சொல்வது மண்வாசனைக்காக அல்ல, இந்தக் காரணத்துக்காக.

இன்னொன்று: தனுஷ்கோடிப் பக்கம் மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் பாக் நீரிணையைப் பெண்கடல் என்றும் சொல்வார்கள். கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் பெண்கடலில் அலை பெரிதாக உடையாது, தளும்பும். அலைக்கு அலை இடைவெளி கிடைக்கும். ஒற்றை வீணைத் தந்திகூட அதில் கேட்கும். ஆண்கடல் காட்சியில் அது நடக்காது. வாடைக்காலத்தில் பாக் நீரிணைப் பக்கம்தான் கொந்தளிக்கும். எனவே ஸ்பாட்டிங் தாளில் எந்தக் கடல், எந்தக் காற்று என்று ஐந்தாவது பத்தி ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காலம். திரைக்குள் யாரோ வாசிக்கும் இசை வேறு, பின்னணி இசை வேறு. பின்னணியில் மின்கிட்டார் வந்தாலும் குற்றமில்லை. திரைக்குள் தவறு செய்தால் மாட்டிக்கொள்வீர்கள். 1790-ல் அரண்மனைப் பாட்டுக்கு ஹார்மோனியம் வைக்க முடியாது. அந்தக் கருவிக்குப் பாரிஸில் காப்புரிமை கிடைத்ததே 1840-களில். வயலின் கர்நாடகக் கச்சேரியில் ஊன்றியது 19-ஆம் நூற்றாண்டில். நீண்ட பாரி நாதஸ்வரம் 20-ஆம் நூற்றாண்டில் டி. என். ராஜரத்தினம் பிள்ளை நிலைநிறுத்தியது; அதற்கு முன் குட்டையான, சுருதி உயர்ந்த திமிரிதான். கதை 1964 டிசம்பர் தனுஷ்கோடிப் புயலை ஒட்டியது என்றால் ஹார்மோனியம், வயலின், வானொலி எல்லாமே தாராளமாக வரலாம்.

மூன்று சுவைக்கும் ஒரே நூல். பயத்துக்கு ஒரு இசை, சண்டைக்கு ஒரு இசை, அரண்மனைக்கு ஒரு இசை என்று தனித்தனியாகப் போட்டால் மூன்று படங்களின் டிரெய்லரை ஒட்டியதுபோல் இருக்கும். நான்கு சுரத்தில் ஒரு கரு வேண்டும். அது மூன்று இடத்திலும் வேறு வேறு உடையில் வர வேண்டும். எந்த வழி இதற்கு இடம் கொடுக்கிறது என்று பாருங்கள்.

மீதி மூன்றும் சுருக்கமாக: எடிட் மாறினால் இசை தாங்குமா, படம் தியேட்டரிலா, ஓடிடியிலா, யூடியூபிலா ஓடப்போகிறது, உரிமை யார் கையில்.

## ஒரு பார்வையில்

| அளவுகோல் | நூலக இசை | முழுக் கணினி | கணினி + நேரடி வாத்தியம் | ஆர்கெஸ்ட்ரா |
|---|---|---|---|---|
| கைக்காசு | மிகக் குறைவு | குறைவு | நடுத்தரம் | மிக அதிகம் |
| செலவாகும் நேரம் | தேடுவதில் போகும் | புரோகிராமிங்கில் போகும் | ஏற்பாட்டில் போகும் | நோட்டேஷனில் போகும் |
| அலை இரைச்சலில் கேட்குமா | அதிர்ஷ்டம் | தாளம் கேட்கும், பேட் கேட்காது | நன்றாகக் கேட்கும் | பித்தளை ஊதுகருவிகள் கேட்கும், தந்தி அமுங்கும் |
| கமகம் | இல்லை | பொய்யாகத் தெரியும் | உண்டு | எழுத்தில் பாதிதான் வரும் |
| ஒரே கரு | கிட்டத்தட்ட முடியாது | முடியும் | முடியும் | முடியும் |
| எடிட் மாறினால் | வெட்டி ஒட்டலாம், தெரியும் | சுலபம் | ஓரளவு | திரும்பப் பதிய வேண்டும் |
| மறைந்திருக்கும் செலவு | உரிமை வரம்பு | மிக்ஸ் நேரம் | பயணம், சுருதி மாற்றம் | காப்பியிஸ்ட், ஆர்க்கெஸ்ட்ரேட்டர் |

## நூலக இசை

பதினைந்து நிமிடக் குறும்படம், திருவிழாவுக்கு அனுப்பத் தேதி நெருங்கிவிட்டது, இசையமைப்பாளர் இல்லை: இதற்குத் தாராளமாகப் போதும். முழுநீளப் படத்துக்கு வேண்டாம்.

உரிமத்தை வரி வரியாகப் படியுங்கள். மாதச் சந்தா உரிமங்கள் பலவற்றில் இணைய வெளியீடு அடங்கும், தியேட்டர் வெளியீடு அடங்காது. வேண்டியது உலகம் முழுதும், எல்லா ஊடகத்துக்கும், கால வரம்பில்லாமல் என்ற மூன்றும். அதே துண்டை இன்னொருவர் வாங்கி யூடியூபில் போட்டிருந்தால் உங்கள் டிரெய்லர்மேல் உரிமைகோரல் விழும். அதை நீக்கச் சில நாள் ஆகும், டிரெய்லருக்கு அந்தச் சில நாள்தான் முக்கியம். வாங்கும்போதே தாளம், தந்தி, பாஸ் என்று பிரித்த ஸ்டெம்களும் கிடைக்குமா என்று பாருங்கள். கிடைத்தால் தந்தியை அணைத்துவிட்டு அடியை மட்டும் கடல்மேல் வைக்கலாம். இந்த வழியில் உருப்படியாகச் செய்யக்கூடிய வேலை கிட்டத்தட்ட இவ்வளவுதான்.

ஹாரர் என்று தேடினால் வருவது பெரும்பாலும் தேவாலயக் கோரஸும் பொம்மைப் பெட்டி மணியும். கீழக்கரைக் கடலில் இரண்டுக்கும் வேலையில்லை.

## முழுக் கணினி

ஒரு நல்ல புரோகிராமரும் ஒலிநூலகங்களும் இருந்தால் 55 நிமிட இசையை வீட்டு ஸ்டுடியோவிலேயே முடிக்கலாம். எடிட்டர் கடைசி வாரத்தில் பத்து ஃப்ரேமை வெட்டினாலும் டெம்போவை நகர்த்திச் சமாளிக்கலாம். அடிவயிற்றில் உறுமும் ட்ரோன் (ஒரே சுரத்தில் நீளும் ஒலி), தலைகீழாக ஓடும் ஒலி, நீட்டி இழுத்த ஒலி ஆகியவை கணினியின் சொந்த நிலம். ஆர்கெஸ்ட்ராவால் இதைச் செய்ய முடியாது.

சறுக்கும் இடம் நம் வாத்தியங்கள். நாதஸ்வரச் சாம்பிளில் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகப் பதியப்பட்டது. கமகம் என்பது இரண்டு சுரங்களுக்கு நடுவே நடக்கும் வேலை. பிட்ச் பெண்டு சக்கரத்தை உருட்டி அதைக் கொண்டுவரப் பார்த்தால் கேட்பவருக்கு இரண்டு விநாடியில் தெரிந்துவிடும், அதுவும் கோயில் திருவிழா கேட்டு வளர்ந்தவருக்கு. பறைச் சாம்பிளிலும் ஒரே அடியைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டால் இயந்திரத் துப்பாக்கிபோல் இருக்கும். ஒவ்வோர் அடிக்கும் குறைந்தது நான்கைந்து மாற்றுப் பதிவுகள் உள்ள நூலகமாக வாங்குங்கள். அடிகளை நேர்க்கோட்டில் நிறுத்தாமல் பத்துப் பதினைந்து மில்லிசெகண்ட் முன்னும் பின்னும் கலைத்துவிடுங்கள்.

இங்கே மறைந்திருக்கும் செலவு பாஸில். தியேட்டரில் 40 ஹெர்ட்ஸ் ட்ரோன் நாற்காலியை அதிர வைக்கும். அதே ட்ரோன் கைப்பேசி ஸ்பீக்கரில் இல்லவே இல்லை. பார்ப்பவருக்கு அது வெறும் மௌனம். ட்ரோனோடு 200 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை மேல்சுரங்கள் வரும்படி சாச்சுரேஷன் சேர்த்து, மிக்ஸைக் கைப்பேசியிலும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

படம் முழுக்க இரவு, அறைக்குள், பேய் மட்டும்தான் என்றால் கணினி ஒன்றே போதும். சரித்திரமும் கடலும் வந்துவிட்டால் போதாது.

## கணினி + நேரடி வாத்தியம்

அடித்தளம், ட்ரோன், படகுத் துரத்தலின் பெரிய தாளம் ஆகியவை கணினியில். அதன்மேல் மனிதக் கை தேவைப்படும் நான்கைந்து ஒலிகள் மட்டும் நேரடியாக. 55 நிமிடத்தில் நேரடி வாத்தியம் கேட்கும் இடம் 20 நிமிடம் இருந்தால் போதும். இரண்டு கால்ஷீட்டில் முடியும்: முதல் நாள் தோல்கருவிகள், இரண்டாம் நாள் நாதஸ்வரமும் சங்கும். கலைஞர்கள் தென் மாவட்டங்களிலிருந்து வருகிறார்கள் என்றால் மதுரையிலேயே ஸ்டுடியோ பிடியுங்கள். சென்னைக்கு அழைத்தால் பயணமும் தங்கலும் சம்பளத்தைத் தின்றுவிடும்.

நாதஸ்வரம். வாசிப்பவரிடம் ராகத்தைப் பற்றிப் பேசும் முன் கட்டையை, அதாவது குழலின் சுருதியைக் கேளுங்கள். பாரி என்றால் பெரும்பாலும் 2 அல்லது 2½ கட்டை, அதாவது டி அல்லது டி ஷார்ப். கீபோர்டுக்காரர் ஏ மைனரில் எழுதி முடித்துவிட்டுப் பதிவு நாளில் 'இதில் வாசியுங்கள்' என்றால் பாதி நாள் சுருதி சேர்ப்பதிலேயே போகும். கணினியில் சுருதி மாற்றுவது ஒரு சொடுக்கு. குழலில் அது நடக்காது. ட்யூனர் வைத்து அவருடைய ஆதார ஷட்ஜத்தை அளந்து, மொத்த அடித்தளத்தையும் அதற்கு நகர்த்துங்கள்.

மைக் இரண்டு, மூன்று மீட்டர் தள்ளி, அணசுக்கு (குழலின் விரிந்த வாய்க்கு) நேராக வைக்காமல் விரல் துளைகளை நோக்கிச் சற்று மேலிருந்து. ரிப்பன் மைக் இருந்தால் கூர்மை தணியும். ஏசியில் சீவாளி (வாயில் வைத்து ஊதும் நாணல்) உலர்ந்து சுருதி ஆடும்; அறையை அதிகம் குளிர்விக்காதீர்கள், சீவாளி பழக அவருக்கு நேரம் கொடுங்கள். நாதஸ்வரத்துக்குக் கீழே கீபோர்டில் கார்டு வைக்காதீர்கள். அவர் பிடிக்கும் காந்தாரமும் கீபோர்டின் காந்தாரமும் ஒன்றல்ல. ஒத்துபோல (சுருதி மட்டும் பிடிக்கும் துணைக்குழல்) ஷட்ஜ, பஞ்சமம் மட்டும் கொடுங்கள்.

ராகம் பற்றி ஒரு வார்த்தை. பாம்பு என்றால் புன்னாகவராளி, சோகம் என்றால் சுபபந்துவராளி என்று போட்டுப் போட்டு இரண்டும் தேய்ந்துவிட்டன. வராளியைப் பாருங்கள். ஷட்ஜத்தை ஒட்டியே சுத்த ரிஷபமும் சுத்த காந்தாரமும் நெருங்கி நிற்கின்றன, பிறகு பிரதி மத்யமத்துக்கு ஒரு தாவல். மேற்கத்திய ஹாரர் இசை அரைச்சுர உரசலையும் ட்ரைடோனையும் (ஷட்ஜத்துக்கும் பிரதி மத்யமத்துக்கும் உள்ள இடைவெளி) தேடித் தேடி வைக்கிறது. இந்த ராகத்தில் இரண்டும் பிறவியிலேயே இருக்கின்றன. வராளியை நேரடியாகச் சொல்லிக்கொடுத்தால் குருவுக்கும் சிஷ்யருக்கும் ஆகாது என்றொரு நம்பிக்கையும் இசை உலகில் உண்டு. மந்திரம் கட்டுபவர் கதைக்கு இதைவிட என்ன வேண்டும்? கருவை நான்கு சுரத்தில் எழுதுங்கள்: பகலில் அது ஷட்ஜத்தில் வந்து அமர வேண்டும், இரவில் மத்யமத்திலேயே தொங்க வேண்டும்.

பறை. கடலோர ஈரக்காற்றில் தோல் சில நிமிடங்களில் தொய்ந்துவிடும். தீயில் காய்ச்சிப் பதமாக்கி வாசிப்பார்கள், வாசிக்க வாசிக்கச் சுருதி இறங்கும். முதல் டேக்கின் முன்பாதியையும் ஐந்தாவது டேக்கின் பின்பாதியையும் ஒட்டினால் ஒட்டு தெரிவது இதனால்தான். மூன்று பறைகளைக் கொண்டுவரச் சொல்லி, ஒன்று வாசிப்பில் இருக்கும்போது மற்றவை காய்ந்துகொண்டிருக்க ஏற்பாடு செய்யுங்கள். ஸ்டுடியோவுக்கு வெளியே தீ மூட்ட இடம் உண்டா என்று முன்பணம் கொடுக்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். போல்ட் போட்ட பிளாஸ்டிக் தோல் பறையில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் ஒலி வேறு. சரித்திரப் படத்தில் அது உறுத்தும்.

கிளிக் பழகாத கலைஞருக்கு டிக் டிக் என்று காதில் கொடுத்தால் அடி விறைத்துவிடும். அதே வேகத்தில் ஜால்ரா லூப் ஒன்றைப் போட்டுக் கொடுங்கள், இயல்பாக வரும். மூடிய வகை ஹெட்ஃபோனாக இருக்கட்டும். இல்லாவிட்டால் அந்த ஜால்ரா மைக்கில் கசியும்.

உறுமி. கடலுக்கடியில் எடுத்த காட்சிகளுக்கு நாங்கள் முதலில் சொல்வது இதைத்தான். முத்துக் குளிப்பவர் ஒரு மூச்சில் தாக்குப்பிடிப்பது சுமார் ஒரு நிமிடம். அந்தத் துண்டும் இடையில் மூச்சு விடாமல் ஓட வேண்டும். நாதஸ்வரத்திலும் சங்கிலும் வாசிப்பவர் மூச்சு வாங்கும் இடம் கேட்டுவிடும். உறுமியின் ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்த்துக்கொண்டே இருந்தால் அந்த முனகல் நிற்காது. 80 விநாடி தொடர்ந்து தேய்க்கச் சொல்லி, மெல்ல அழுத்தம் கூட்டச் சொல்லுங்கள். பிறகு 800 ஹெர்ட்ஸுக்கு மேலே வடிகட்டிவிட்டால் தண்ணீருக்குள் கேட்பதுபோல் ஆகிவிடும். முத்துக் குளிப்பவர் தலை மேலே வந்து மூச்சு விடும் ஃப்ரேமில் வடிகட்டியைத் திறந்துவிட்டால் போதும், தனியாக அதிர்ச்சி ஒலி எதுவும் தேவையில்லை.

சங்கு. ஒரு சங்குக்கு ஒரு சுரம்தான், கூட ஒரு மேல்சுரம் கிடைக்கலாம். அளவு வேறான மூன்று சங்குகளைத் தனித்தனியாகப் பதியுங்கள். பதிவு 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ். படத்தின் மற்ற ஒலிகள் 48-ல் இருந்தாலும் பரவாயில்லை. பாதி வேகத்துக்கு இழுத்து ஒரு ஸ்தாயி இறக்கும்போது 96-ல் பதிந்தது மேல் ஒலியை இழக்காது, 48-ல் பதிந்தது கம்பளி போர்த்தியதுபோல் மங்கிவிடும். மைக்கும் 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

அம்பாப் பாட்டு. கரைவலை இழுப்பவர்கள் பாடுவது. ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, கூட்டம் பதில் சொல்லும். இதை ஸ்டுடியோவில் பாட வைத்தால் செத்துவிடும்; வலையின் பாரம்தான் அதன் தாளம், வலை கரையை நெருங்க நெருங்க வேகம் கூடும். கிளிக் இல்லாமல், கடற்கரையிலேயே பதிந்து, பிறகு கணினியின் டெம்போவைப் பாட்டுக்கு ஏற்ப வளைத்துக்கொள்ளுங்கள். தலைவர் சட்டையில் ஒரு மைக், கூட்டத்துக்கு முன்னால் ரோம உறை போட்ட ஸ்டீரியோ ஜோடி ஒன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு இன்ஜின் ஓடாது. அதுவே நல்ல காலம். மே மாதத்துக்குப் பிறகு கச்சான் வலுத்துவிட்டால் பாக் நீரிணைப் பக்கக் கரையைத் தேடுங்கள். உப்புக்காற்றில் கண்டென்சர் மைக் படபடவென்று பொரியும். சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைத்து, பதியும்போது மட்டும் வெளியே எடுங்கள். மன்னார் வளைகுடாத் தீவுகளில் வனத்துறை அனுமதியில்லாமல் இறங்கக் கூடாது. அலை ஒலிக்காக அங்கே போக வேண்டிய தேவையும் இல்லை.

படத்தில் இந்தப் பாட்டை இரண்டு தடத்தில் பிரித்து வைத்திருந்தால் நிறையச் செய்யலாம். முதல் முறை முழுதாக வரட்டும். இரண்டாம் முறை தலைவரின் குரல் மட்டும். பதில் வர வேண்டிய இடம் காலி. மூன்றாம் முறை பதில் ஒரு வரி தாமதமாக, கரைக்கு எதிர்ப்புறம், கடல் பக்கத்திலிருந்து வரட்டும். சரௌண்டில் பின்னால் வைத்தால் தியேட்டரில் ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

கீழக்கரை, ஏர்வாடிக் காட்சிகளில் பக்கீர்களின் தப்ஸ் என்ற தோல்கருவியை மறந்துவிடாதீர்கள். இந்தக் கரை ஒரே மதத்தின் இசையால் ஆனது அல்ல. கோயில் மேளம் மட்டும் போட்ட படத்தைப் பார்த்தால் இந்தப் பக்கத்து ஆட்களே 'இது எங்க ஊர் இல்லப்பா' என்பார்கள்.

மறைந்திருக்கும் செலவுகள்: வாத்தியம் ஏற்றிவர வண்டி, சாப்பாடு, ஒரு நாள் கூடுதல் எடிட்டிங். கலைஞர்களுக்குத் திருவிழாக் காலத்தில் தேதி கிடைக்காது. பங்குனி, சித்திரை, வைகாசியில் கேட்டால் கிடைப்பவர்கள் மீதி ஆட்களாகத்தான் இருப்பார்கள்.

## ஆர்கெஸ்ட்ரா

நாற்பது பேர் வயலினை ஆளுக்கொரு வேகத்தில் மேலே இழுத்துக்கொண்டு போகும் ஒலியைச் சாம்பிளில் செய்தால் நாற்பது பேர் ஒரே ஆளாகக் கேட்பார்கள். வில்லைக் கட்டைப் பக்கம் வைத்து உரசுவது, வில்லின் மரத்தால் தட்டுவது, ஒட்டிய சுரங்களைக் கூட்டமாகப் பிடிப்பது எல்லாம் உண்மையான ஆர்கெஸ்ட்ராவின் கையிருப்பு. புயல், கப்பல் உடைவது, ஊரே ஓடுவது என்று படம் பெரியதாக விரிந்தால், தியேட்டர் வெளியீடும் உறுதி என்றால், இதற்குச் செலவிடலாம். அதிலும் 55 நிமிடத்தையும் பதிய வேண்டாம். உச்சக்கட்டம், டைட்டில் என்று 12 முதல் 15 நிமிடம் போதும்.

புடாபெஸ்ட், பிராக், மாசிடோனியா என்று போகிறவர்கள் இணையத்தின் வழியே இங்கிருந்தே கேட்டுத் திருத்தலாம். குளிர்காலத்தில் அவர்கள் நமக்கு நாலரை மணி நேரமும் கோடையில் மூன்றரை மணி நேரமும் பின்னால். ஒரு மணி நேரத்தில் உருப்படியாக மூன்று முதல் ஐந்து நிமிட இசை பதியலாம் என்று கணக்குப் போடுங்கள். அரங்க வாடகையைப் பார்த்து 'இவ்வளவுதானா' என்று நினைப்பவர்களைக் கடிப்பது அதற்கு முந்தைய வேலை: இசையைக் கருவிகளுக்குப் பிரித்து எழுதும் ஆர்க்கெஸ்ட்ரேட்டர், ஒவ்வொரு கருவிக்கும் தனித்தாள் எழுதும் காப்பியிஸ்ட், கண்டக்டர், கிளிக்கும் பார் எண்ணும் பொருந்திய புரோ டூல்ஸ் செஷன். ஸ்கோரில் பார் எண் ஒன்று தவறினால், கிளாரினெட் தாளில் சுருதி மாற்றம் விட்டுப்போனால், அரங்கில் நாற்பது பேர் காத்திருக்க, மீட்டர் ஓடும். எடிட் பூட்டப்படாமல் போகவே கூடாது.

வராளியை எழுத்தில் கொடுத்தால் சுரம் வரும், ராகம் வராது. ராகத்தை நம் ஆள் வாசிக்கட்டும். அவர்கள் அதற்குக் கீழே உரசட்டும். கைக்காசு பாதிதான் என்றால் சென்னையில் எட்டு வயலின் வைத்து மூன்று முறை அடுக்கிப் பதியலாம். ஒவ்வொரு முறையும் ஆட்களை இடம் மாற்றி உட்கார வையுங்கள். இல்லாவிட்டால் கூட்டம் பெருகாது, அதே எட்டுப் பேர் சத்தமாகக் கேட்பார்கள்.

## எந்த வழியானாலும் கை கடிக்கும் இடங்கள்

எடிட்டர் வசதிக்காகப் போட்ட டெம்ப் டிராக்கில் (தற்காலிக இசையில்) இயக்குநர் மனசைக் கொடுத்துவிடுவார். இரண்டு மாதம் வேற்றுப் படத்து இசையோடு பார்த்த காட்சிக்கு அப்புறம் எது செய்தாலும் பிடிக்காது. டெம்ப் வேண்டும் என்றால் பறை லூப்பும் சங்கும் மட்டும் வைத்து எடிட் செய்யச் சொல்லுங்கள்.

திடுக்கிடும் இடத்தில் ஒரு ஃப்ரேம் என்பது 42 மில்லிசெகண்ட். ஒலி படத்தை முந்தினால் குட்டு வெளிப்பட்டுவிடும்; ஒரு ஃப்ரேம் பிந்தினால் யாருக்கும் தெரியாது. அதைவிட முக்கியம், அதற்கு முந்தைய ஒன்றரை விநாடி. இசையை மட்டும் நிறுத்தினால் போதாது, கடலையும் இறக்க வேண்டும். இதைச் சவுண்ட் டிசைனரிடம் ஸ்பாட்டிங் அன்றே பேசிவிடுங்கள். மிக்ஸ் அன்று பேசினால் சண்டைதான் வரும்.

தனுஷ்கோடி தேவாலயத்தில் எடுத்தவர்கள் எதிரொலி கேட்பார்கள். கூரையில்லாத இடம், எதிரொலி இருக்காது. பார்வையாளர் மட்டும் இடிந்த சுவரைப் பார்த்ததும் எதிர்பார்ப்பார். அங்கே சேர்க்கும் ரிவெர்ப் ஒரு விநாடியைத் தாண்ட வேண்டாம்.

ஓடிடிக்கு என்றால் ஒலி அளவை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். நெட்ஃபிளிக்ஸ் வசனத்தை அளவாக வைத்து மைனஸ் 27 எல்.கே.எஃப்.எஸ். (ஒலி அளவின் அலகு) கேட்கிறது, உச்சம் மைனஸ் 2 டெசிபலைத் தாண்டக் கூடாது. வசனம் தாழ்ந்து இசை உயர்ந்த மிக்ஸ் அங்கே திரும்பி வரும்.

உரிமை விஷயத்தில் அம்பாப் பாட்டு யாருக்கும் சொந்தமில்லை என்று எழுத்து வேலையை விட்டுவிடாதீர்கள். பாட்டு பொதுச்சொத்தாக இருக்கலாம். அதைப் பாடிய ஆளுக்கு அந்த நிகழ்த்தலில் உரிமை உண்டு. அதைப் படத்தில் சேர்க்க எழுத்தில் ஒப்புதல் வேண்டும், வணிகப் பயன்பாட்டில் அவருக்கு ராயல்டி உரிமையையும் 2012 திருத்தத்துக்குப் பிறகு சட்டம் தருகிறது. தமிழில், ஒரே பக்கத்தில், படத்தின் பெயர், தொகை, டைட்டிலில் பெயர் வரும் விதம் எல்லாம் எழுதி, பதிவுக்கு முன்பே கையெழுத்து வாங்கி, ஒரு பிரதியை அவரிடம் கொடுங்கள். சம்பளத்தை அன்று மாலையே கொடுத்துவிடுங்கள்.

இசையமைப்பாளரிடமிருந்து வாங்க வேண்டியது: முழு மிக்ஸ், கூடவே தோல், ஊதுகருவி, தந்தி, ட்ரோன், குரல் என்று ஐந்து ஸ்டெம்கள், எல்லாம் 24 பிட் 48 கிலோஹெர்ட்ஸ், ஒவ்வொரு கோப்பும் டைம்கோடோடு, 1எம்1 என்ற அதே எண்ணில். நேரடிப் பதிவின் வெட்டாத டேக்குகளையும் ஒரு ஹார்ட் டிஸ்கில் வாங்கி வையுங்கள். டப்பிங் பதிப்புக்கு வேறு நீளம் கேட்கும்போது உறுமிக்காரரை மறுபடி தேடி அலைய வேண்டியிராது.